கோழியில்லாத கோழிச்சோறு

கவிழ்த்து வைத்த பால் பெட்டியின்மேல் ஏறி நின்றுகொண்டு, அடுப்புக்கு மேலே இருந்த புகைக்கூண்டின் வலைத்தட்டை இழுத்தேன். பிசின் போட்டு ஒட்டியதுபோல இறுகியிருந்தது. மூன்றாவது இழுப்பில் கழன்று வந்தது. கூடவே மஞ்சளாக ஒரு தடித்த துளி என் மணிக்கட்டில் விழுந்து, சட்டைக் கைக்குள் மெல்ல இறங்கியது.

"இது என்ன எண்ணெய் அங்கிள், இவ்வளவு தடிப்பாக் கிடக்குது?"

"எண்ணெய் இல்ல தங்கச்சி. கோழிக் கொழுப்பு," என்றார், கீழே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற கடைக்காரர். "ரைஸ் ஆக்கறதுக்கு."

"எந்த ரைஸ்?"

"எந்த ரைஸா? இங்க ஒரே ரைஸ்தானே."

பக்கத்து அடுப்பைக் காட்டினார். பெரிய இரும்புத் தாச்சியில் கோழித்தோலும் கொழுப்பும் உருகிச் சுருங்கிக்கொண்டிருந்தன. அதற்குள் இடித்த இஞ்சியையும் உள்ளியையும் போட்டார். கழுவி வடித்த அரிசியைக் கொட்டிக் கிளறினார். அரிசி மினுங்கத் தொடங்கியதும் பெரிய பானைக்கு மாற்றி, கோழி அவித்த தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றினார். முடிச்சுப் போட்ட, வாசனைக்கான றம்பை இலையை மேலே வைத்து மூடினார்.

"நீ சாப்பிடற ரைஸ்தான்," என்றார், கைகளைத் துடைத்துக்கொண்டு, பெருமையோடு.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும், என் அண்ணாவின் மனைவியான மச்சாளும் சைவம் என்று நம்பிச் சாப்பிட்ட சோறு அது. அண்ணா உயிரோடு வந்து சேரவேண்டும் என்று நேர்த்தி வைத்து, மீனும் இறைச்சியும் விட்டிருந்தவர்கள் நாங்கள். அண்ணா எங்கே இருக்கிறார் என்றே தெரியாத நாட்கள் அவை.

நான் வலைத்தட்டைக் கையில் பிடித்தபடி பெட்டியைவிட்டு இறங்கினேன்.

மச்சம் என்றால்

போன வாரம் இந்தப் பத்தியில், பஸ் தரிப்பில் என் மூக்குக்கண்ணாடி உறைந்துபோன கதையை எழுதியிருந்தேன். "குளிரைப் பற்றி எழுதினது காணும், சாப்பாட்டைப் பற்றி எழுதமாட்டீரோ?" என்று மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் கேட்டது இந்தச் சாப்பாடு இல்லை என்று தெரியும். ஆனாலும் கேட்டவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

அண்ணாவுக்குக் கலியாணமாகி ஒரு வருடத்துக்குள் நாட்டைவிட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. முதலில் மச்சாளை என்னிடம் அனுப்பினார். அடுத்த மாதமே தானும் வந்துவிடுவேன் என்றார். அடுத்த மாதம் வந்தது, அண்ணா வரவில்லை. பாங்கொக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரனின் கொழும்பு நம்பரை எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆளிருக்காது.

நானும் மச்சாளும் நகரத்தின் ஒதுக்குப்புறத்தில், மல்வேர்னில், ஒன்பதாவது மாடியில், ஓர் அறை வீட்டில் இருந்தோம். நான் அவளை மச்சாள் என்பேன். அவளும் என்னை மச்சாள் என்பாள். ரெலிபோனில் யாராவது "மச்சாள் நிக்கிறாவோ?" என்று கேட்டால், எந்த மச்சாள் என்று தெளிவாக்கவே இரண்டு நிமிடம் போகும்.

ஒரு பின்னேரம் மச்சாள் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியிலேயே நின்று சொன்னாள்.

"மச்சாள், நான் முருகனுக்கு நேர்ந்துபோட்டன். அவர் வந்து சேருமட்டும் மச்சம் தொடமாட்டன்."

"அப்ப நானும்."

"உமக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லையே."

"அரைவாசி இருக்கு. காணாதோ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "காணும்," என்றாள். "என்ரை முழுசும் உம்மடை அரைவாசியும்."

எங்கள் பேச்சில் மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அதற்குள் அடக்கம். விருந்துக்குக் கூப்பிட்டால் "மச்சமோ, சைவமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவோம். இந்தச் சொல் எங்களைத் தவிர வேறு தமிழருக்கு வேறு பொருள் தரும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்புப் படித்தவள். இங்கே ஒரு பொறியியல் அலுவலகத்தில், கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய்கள் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு விதி என்றால் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எழுதி வைத்தால்தான் எனக்கு நித்திரை வரும். ஆகவே குளிர்பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினேன்.

1. மீன், இறைச்சி, முட்டை: இல்லை.
2. மாசிக் கருவாடு போட்ட சம்பல்: இல்லை. யார் அன்பாகக் கொண்டுவந்து தந்தாலும்.
3. கேக், பிஸ்கற்: பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்த பிறகு.
4. ஜெலி, கடையில் வாங்கும் சிலவகைத் தயிர்: இல்லை. உள்ளே மாட்டெலும்புப் பசை.
5. சூப்: வெளியில் எங்குமே இல்லை.

இப்படிப் பதினொன்று வரை போனது. மச்சாள் வாசித்துவிட்டு, "பரீட்சை வைப்பீரோ?" என்று கேட்டாள்.

பதினொன்றிலும் சோறு என்ற சொல் இல்லை. சோற்றை யார் எழுதுவார்கள்? எங்கள் வீடுகளில் சோறு தண்ணீரில் அவிவது. மச்சமும் சைவமும் கறிச்சட்டிக்குள் நடக்கிற விஷயம். சோறு அதற்கெல்லாம் வெளியே, தன்பாட்டில் வெள்ளையாக இருப்பது.

தள்ளுவண்டியிலிருந்து வந்தவர்

அந்தக் கடையைக் கண்டுபிடித்தது மச்சாள்தான். அவள் வேலை செய்தது முகப்பூச்சுப் போத்தல்களுக்கு மூடி திருகும் தொழிற்சாலை ஒன்றில். சனிக்கிழமைகளில் அரை நாள் வேலை. பஸ் மாறும் இடத்தில் சீனர்களின் கடைத்தொகுதி ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே போனவள், வாசம் பிடித்துக்கொண்டு கீழ்த்தளம் வரைக்கும் போய்விட்டாள்.

"மச்சாள், அங்கை றம்பை மணக்குது," என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பல வாரங்களாகக் காணவில்லை.

கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு சிறிய கடைகள் சுற்றிவர இருந்தன. நடுவிலே நிலத்தோடு பூட்டிய செம்மஞ்சள் கதிரைகள். மற்றக் கடைகளில் இரண்டு பேர், மூன்று பேர். இந்தக் கடையின் முன்னால் மட்டும் வரிசை தூண்வரைக்கும் நீண்டிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அவித்த கோழிகள் வெளிறிய மினுக்கத்தோடு கொக்கியில் தொங்கும். வட்ட மரக்குற்றியில் கத்தி விழும் சத்தம் நிற்பதே இல்லை. ஒரு தட்டில் கவிழ்த்த கிண்ணம்போலச் சோறு, பக்கத்தில் நாலு துண்டு வெள்ளரிக்காய், சின்னக் கோப்பையில் இஞ்சியும் உள்ளியும் சேர்த்து அரைத்த மிளகாய்க் குழம்பு.

கடைக்காரர் பெயர் தான். சீனக் குடும்பப் பெயர். தமிழில் எழுதினால் வசனம் தடுக்கி விழும் என்பதால் இனிமேல் மிஸ்டர் தான் என்றே எழுதுகிறேன். மலேசியாவில், ஈப்போ நகரத்தில், தள்ளுவண்டியில் இதே சோற்றை விற்றவர். அவருடைய தெருவில் பாதிப்பேர் தமிழர். அதனால் அவரிடம் ஒரு தெருத் தமிழ் இருந்தது. எங்கள் தமிழுக்கும் அதற்கும் இடையில் ஒரு கடல் அகலம். ஆனாலும் இந்த ஊரில், ஒரு சீனர் எங்களைப் பார்த்து "வாங்க தங்கச்சி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்ட முதல் நாள், நாங்கள் இருவரும் திரும்பிப் பின்னால் நிற்பது யார் என்று பார்த்தோம்.

"எந்த ஊரு நீங்க?"

"சிலோன்."

"ஓ, சிலோன்!" என்று கத்தியை உயர்த்தினார். "ஸ்டேஷன் மாஸ்டர்!"

இது என்ன என்று இளையவர்களுக்குச் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் மலாயா ரயில்வேயில் எங்கள் ஆட்கள் நிறையப்பேர் வேலை செய்தார்கள். என் பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். ஓய்வு பெற்று வந்தபிறகும் சாப்பாட்டை மலாய் மொழியில் "மக்கான்" என்றுதான் சொல்வார். பெரியம்மா அதற்காகவே அவருக்குப் பிந்திப் பரிமாறுவார். மிஸ்டர் தானுக்குச் சிலோன் என்றால் வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். வேறு யாரும் அந்த நாட்டில் இருப்பதாக அவர் நம்பவில்லை.

முதல் நாளே மச்சாள் மிகத் தெளிவாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். கோழிகளைக் கைகாட்டி, "எங்களுக்கு மச்சம் வேண்டாம்," என்றாள்.

மிஸ்டர் தானின் முகம் ஒரு கணம் மாறியது. கோழிகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "கோழி வேணாம்? ரைஸ் மட்டும்?" என்று கேட்டார்.

"ஓம், ரைஸ் மட்டும்."

சூப் தந்தார். பட்டியலில் ஐந்தாவது. நான் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணிக்கு நாங்கள் அங்கே இருந்தோம். மச்சாள் வந்த நாளிலிருந்து மெலிந்துகொண்டே போனவள். வீட்டில் எதைச் சமைத்தாலும் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, பிசைந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தத் தட்டை மட்டும் ஒரு பருக்கை இல்லாமல் வழித்துச் சாப்பிடுவாள். போத்தல் மூடிகளின் வாசனைப் பூச்சு மணக்கும் விரல்களால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், அவசரமில்லாமல். நான் என் தட்டில் பாதியை அவள் பக்கம் தள்ளுவேன். அதையும் சாப்பிடுவாள்.

கோடையின் நடுவில் அண்ணாவிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. முத்திரை எந்த நாட்டினது என்று வாசிக்க முடியாதபடி மை பரவியிருந்தது. "நான் சுகம். இடம் மாறுகிறேன். யோசிக்க வேண்டாம்." இவ்வளவுதான். மச்சாள் அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"பாத்தீரே மச்சாள்? நேர்த்தி வீண் போகேல்லை."

புகைக்கூண்டு

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மிஸ்டர் தான் என்னைத் தனியே அழைத்தார். "தங்கச்சி, நீ காத்துக் குழாய் வேலைதானே? உள்ள புகை போவல. என் பொண்டாட்டி இருமிக்கிட்டே இருக்கா. அடுத்த வாரம் சீக்கிரம் வந்து பாரு."

அப்படித்தான் அடுத்த சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே போய், பால் பெட்டியில் ஏறினேன்.

கீழே இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி இது. "அங்கிள், முதல் நாளே மச்சம் வேண்டாம் எண்டு சொன்னனாங்கள்தானே?"

மிஸ்டர் தானின் கை தானாக அவருடைய இடது தாடைக்குப் போனது. அங்கே ஒரு பெரிய கறுத்த மறு உண்டு. அதிலிருந்து நீளமாக இரண்டு மயிர் தொங்கும். வெட்டினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று சீனர்கள் சிலர் வெட்டமாட்டார்களாம்.

"ஆமா, சொன்னீங்க," என்றார் மெதுவாக. "மச்சம் வேணாம்னு."

"பிறகு?"

"அதுக்குத்தான் நான் இந்தப் பக்கம் திரும்பி நிப்பேனே!" வலது கன்னத்தைக் காட்டினார். "அந்தத் தங்கச்சிக்கு என் மச்சம் புடிக்கலைன்னு நெனச்சேன். சாப்பிடற எடம், முடி விழும்னு பயம் போலன்னு."

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. ஈப்போத் தெருவில் சின்ன வயதில் தமிழ்ப் பிள்ளைகள் அவரை "மச்சம், மச்சம்" என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணியிருக்கிறார்கள். அவர்களுக்கு மச்சம் என்றால் உடம்பில் இருக்கும் மறு. அவர் கற்ற பொருள் அது ஒன்றுதான். அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்களுக்குத் தட்டு நீட்டும்போது அவர் எப்போதும் பக்கவாட்டில், சுவரோடு பேசுகிறவர்போல நிற்பார். அவருக்குக் கழுத்து வலி என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம்.

"மச்சம் எண்டா எங்களுக்கு மீன், இறைச்சி, கோழி," என்றேன்.

"ஐயோ தங்கச்சி! சைவம்னு சொல்லக்கூடாதா? சைவம் எனக்குத் தெரியுமே! சைவம் ஆளுங்களுக்கு இந்த ரைஸ் நான் விக்கவே மாட்டேன்." நெற்றியில் அடித்துக்கொண்டார். "சாமி விஷயமா?"

"ஓம்."

அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடையின் முன்னால் வரிசை சேரத் தொடங்கியிருந்தது.

நான் வந்த வேலையை முடித்தேன். வலைத்தட்டுகள் மூன்றும் அடைத்திருந்தன. மேலே விசிறியின் பட்டி தளர்ந்திருந்தது. ஒரு கடதாசித் துண்டைக் கூண்டின் வாயில் பிடித்து, அது உள்ளே இழுபடாமல் தொங்குவதைக் காட்டினேன். எதை எப்போது கழுவவேண்டும், யாரைக் கூப்பிட்டுப் பட்டி மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து வழக்கம்போல நேராகவே இருந்தது.

ஒரு மணிக்கு மச்சாள் கடைத்தொகுதிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் ஓடிப்போய் வாசலிலேயே மறித்தேன்.

"இண்டைக்குக் கடை இல்லை மச்சாள். புகை."

"அடுப்பு மூட்டேல்லையே? மணக்குதே!"

"உது வேறை கடை."

வீட்டுக்குப் போய்ப் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அவள் அரைத் துண்டுக்கு மேல் தொடவில்லை.

நான் சொன்ன பொய்கள்

அன்றைக்கு நான் மனதுக்குள் இரண்டு நிரல் போட்டேன். சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று.

சொன்னால், அஞ்சலட்டைக்குப் பிறகு மூன்று மாதமாகச் சேதி இல்லாததற்குக் காரணம் தன் நாக்குத்தான் என்று அவள் நினைப்பாள். அண்ணாவுக்கு ஏதாவது நடந்திருந்தால், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அப்படியே நினைப்பாள். இருந்த ஒரு நேரச் சாப்பாடும் போகும். சொல்லாவிட்டால், நான் அவளை ஏமாற்றுகிறேன். இரண்டாவது நிரலில் அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் அது கூட்டிக் கழிக்க வராத ஒன்று.

அடுத்த சனிக்கிழமை எனக்குத் தலையிடி என்றேன். அதற்கடுத்தது, அலுவலகத்தில் வேலை. பிறகு பஸ் பாதை மாறிவிட்டது என்றேன். அந்தப் பஸ்ஸில் தினமும் போய்வருகிறவளிடம் போய் அதைச் சொன்னேன் என்றால், என் பொய்யின் தரத்தை நீங்களே ஊகிக்கலாம்.

மச்சாள் என்னைப் பார்க்கும் விதம் மாறியது. ரெலிபோன் அடித்தால் நான் எடுக்கும் முன் ஓடி வந்தாள். கடிதப்பெட்டியின் திறப்புச் சாவியைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் குளியலறையால் வரும்போது, என் மேசை லாச்சி சரியாக மூடாமல் இருந்தது.

கட்டில் விரிப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடத்தின் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில், நாங்கள் இருவரும் ஒரு கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு மூலையைப் பிடித்தாள், நான் இரண்டு மூலையைப் பிடித்தேன். வழமையாக அவள் என்னை நோக்கி வந்து மூலைகளைச் சேர்ப்பாள். அன்று வரவில்லை. விரிப்பை இழுத்துப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

"மச்சாள், ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லும்."

"என்ன?"

"அவருக்கு என்ன நடந்தது?"

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டு கேக்கிறீரே!" குரல் நடுங்கவில்லை. விரிப்புத்தான் நடுங்கியது. "ஒரு மாதமா என்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கிறியள் இல்லை. வெளியிலை கூட்டிக்கொண்டு போறியள் இல்லை. சேதி வந்திட்டுதுதானே? செத்தவீட்டுக்காரியைப்போல என்னை வைச்சிருக்கிறியள்."

எப்போதும் நீர் என்று பேசுகிறவள், அன்று என்னை நீங்கள் என்றாள். அதுதான் என்னை உடைத்தது.

"இல்லை மச்சாள்! சத்தியமா ஒரு சேதியும் வரேல்லை. இது வேறை."

"வேறை என்ன?"

"சோறு," என்றேன்.

"சோறோ?"

சொன்னேன். புகைக்கூண்டு, கொழுப்பு, கோழி அவித்த தண்ணீர், மிஸ்டர் தானின் தாடை, எல்லாம். ஓர் அறிக்கை வாசிப்பதுபோல ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். பக்கத்தில் ஓர் இயந்திரம் யாருடைய காற்சட்டைப் பொத்தானையோ கடகடவென்று உருட்டிக்கொண்டிருந்தது.

மச்சாள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். விரிப்பு அவள் மடியில் குவிந்தது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அழத்தான் செய்தாள். ஆனால் இடையிடையே மூச்சு வாங்கி, "அப்ப ஆள் இருக்கிறார். ஆள் இருக்கிறார்," என்று சொல்லிக்கொண்டாள்.

"இருக்கிறார் எண்டும் தெரியாது மச்சாள். சேதி இல்லை எண்டுதான்..."

"காணும். அது காணும்."

முகத்தை விரிப்பில் துடைத்தாள். பிறகுதான் மற்றது அவளுக்கு உறைத்தது.

"எத்தினை சனிக்கிழமை?"

"பத்தொன்பது," என்றேன். எனக்கு அது தெரியாமல் இருந்திருந்தால் நல்லது.

"கார்ட் வரேக்குள்ளை?"

"எட்டு."

அவள் யோசித்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"எட்டுக் கிழமை கோழித் தண்ணியிலை அவிச்சதைத் திண்ட பிறகும் கார்ட் வந்தது," என்றாள் மெதுவாக. "அப்ப முருகனுக்கு அது பெரிசில்லை."

படித்த நான் இரண்டு நிரல் போட்டும் பிடிபடாத ஒன்றை, நிலத்தில் குந்தியிருந்தவள் ஒரு வசனத்தில் பிடித்துவிட்டாள்.

"ஆனா எனக்குப் பெரிசு," என்று அவளே தொடர்ந்தாள். "உமக்கு ஒண்டு தெரியுமே? எனக்குச் சின்னனிலை இருந்தே கோழி, ஆடு ஒண்டும் பிடிக்காது. வாயிலை வைச்சா ஓங்காளிக்கும். பிடிக்காததை விட்டுப்போட்டு, விரதம் எண்டு பேர் வைச்சன். கள்ள நேர்த்தி."

"விசர்க்கதை கதையாதையும்."

"எனக்குப் பிடிச்சது இந்த ஊரிலை ஒண்டே ஒண்டு. அந்தச் சோறு." எழுந்து, விரிப்பின் மூலைகளைத் தேடி எடுத்தாள். "அதை விடுறன். அவர் வருமட்டும்."

"நீர் அது ஒண்டைத்தானே ஒழுங்காச் சாப்பிடுறனீர்!"

"அதுதான்," என்றாள். என்னை நோக்கி நடந்து வந்து மூலைகளைச் சேர்த்தாள்.

பனிக்காலம்

அந்தப் பனிக்காலத்தில் மச்சாள் சைவம் என்று கஷ்டப்படவில்லை. ஆனால் பஸ் மாறும் இடம் அதேதான். ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை அந்தக் கடைத்தொகுதியின் வாசலில் நின்றுதான் அடுத்த பஸ்ஸை எடுக்கவேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து சூடான காற்று வரும். அவள் கழுத்துத் துணியை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, வீதியின் மறுபக்கத்தைப் பார்த்தபடி நிற்பாள். நான் கூட நின்ற நாட்களில் கண்டது இது. நிற்காத நாட்களிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"நீர் போய்ச் சாப்பிடும் மச்சாள்," என்று ஒருமுறை சொன்னாள். "நேர்ந்தது நான்தானே."

"அரைவாசி எண்டு ஒத்துக்கொண்டனான்," என்றேன்.

மிஸ்டர் தானிடம் ஒரு நாள் மட்டும் போய்ச் சொன்னேன், நாங்கள் கோபத்தில் வராமல் இருக்கவில்லை, மச்சாளின் புருஷன் வந்து சேருமட்டும் ஒரு நேர்த்தி என்று. அவர் முழு முகத்தையும் எனக்குக் காட்டிக் கேட்டார். புகைக்கூண்டு இப்போது நன்றாக இழுக்கிறது என்றார். மனைவிக்கு இருமல் நின்றுவிட்டதாம்.

வீட்டில் நான் சமையலை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நெய்யில் அரிசியை வறுத்து, இஞ்சி, உள்ளி, றம்பை எல்லாம் போட்டு ஆக்கினேன். மச்சாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் கிடக்குது," என்றாள். அந்தத் 'தான்' போதும், எனக்கு விளங்கிவிட்டது.

வந்தவர்

பனி கரைந்து நடைபாதை ஓரமெல்லாம் கறுத்த சேறாகக் கிடந்த நாட்களில், ஒரு காலை ரெலிபோன் அடித்தது. எல்லையில் ஓர் அதிகாரி. அண்ணாவின் பெயரை மூன்று துண்டாக உடைத்து வாசித்து, இவரைத் தெரியுமா என்று கேட்டார்.  மச்சாள் என் கையிலிருந்து றிசீவரைப் பறித்து, "யெஸ், யெஸ், யெஸ்," என்றாள். அவர் அடுத்துக் கேட்ட எல்லாவற்றுக்கும் அதையே சொன்னாள்.

அண்ணா வேறு யாருடையதோ பெரிய குளிர்ச்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். தலைமயிர் முன்னால் கொட்டியிருந்தது. எங்கே எங்கே இருந்தார் என்று அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். மூன்றாவது நாள் சனிக்கிழமை.

கடையில் வரிசை தூண்வரைக்கும் இருந்தது. மிஸ்டர் தான் எங்களைக் கண்டார், கூட நின்ற ஆணைக் கண்டார், கத்தியைக் கீழே வைத்தார். "சாமி குடுத்துட்டாரா?" என்று மட்டும் கேட்டார். மச்சாள் தலையாட்டினாள். அவர் மூன்று தட்டு வைத்து, மூன்றிலும் கோழியை அடுக்கி, மூன்று சூப்பும் ஊற்றிக் கொடுத்தார்.

அண்ணா தட்டைச் சுற்றிவரப் பார்த்தார்.

"இதென்ன, அவிச்ச கோழியே?"

"ஓம் அண்ணா."

"வெள்ளையாக் கிடக்குது. எலும்படியிலை சிவப்புத் தெரியுது, வேகேல்லைப்போல." ஒரு துண்டை முள்ளுக்கரண்டியால் புரட்டினார். "கறி ஒண்டும் இல்லையே? உறைப்பா ஏதும்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். இந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு பனிக்காலமே இருக்கிறது, உங்கடை மனுசி எதை விட்டு உங்களைக் கேட்டவள் தெரியுமோ என்று எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லத்தான் வாயெடுத்தேன். மச்சாள் மேசைக்குக் கீழே என் காலை நன்றாக மிதித்தாள்.

அவள் கோழித் துண்டுகளை ஓரமாகத் தள்ளினாள். சோற்றில் கரண்டியை இறக்கினாள். முதல் வாயை வைத்ததும் கண்ணை மூடவில்லை. மென்றாள். விழுங்கினாள். அடுத்த கரண்டியை எடுத்தாள். அவசரமில்லாமல், ஒரு பருக்கை தவறாமல், தட்டு வெறுமையாகும் வரைக்கும். பிறகு கையை நீட்டி, அண்ணா தொடாமல் வைத்திருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

அண்ணா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, முதன்முறையாக அவளுடைய மணிக்கட்டின் எலும்பு அவர் கண்ணில் பட்டிருக்கவேண்டும்.

"உமக்கு இவ்வளவு பசியே?" என்று கேட்டார்.

"ஓம்," என்றாள் மச்சாள், தலை நிமிராமல்.